கண்ணில் ஒற்றிய கையுறை

1

சென்ற ஆண்டு பங்குனியில், ஜெர்மனியின் தெற்கே இருக்கிற இந்தச் சின்ன ஊரில், என் மேல் ஒரு குற்றம் எழுதப்பட்டது. வேலையைத் தொடங்கும் முன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்பதுதான் குற்றம்.

சிரிக்காதீர்கள். நான் வேலை பார்ப்பது இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கான தண்டுகள் செய்யும் தொழிற்சாலையில். தொடை எலும்புக்குள் இறக்கி வைக்கிற டைட்டானியம் தண்டு அது. அதன் மேல் மெல்லிய பீங்கான் பூச்சு ஏற்றுகிற பிரிவு என்னுடையது. காலையில் முதல் தண்டை இயந்திரத்தில் மாட்டுவதற்கு முன், அதைப் பிடிக்கிற தாங்கியை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். இங்கே வந்த நாளிலிருந்து செய்கிறேன். கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஜீப் டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொள்வாரே, முதல் போணியைக் கடைக்காரர் கண்ணில் ஒற்றிக்கொள்வாரே, அதுதான். எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்த நினைவில்லை. கை தானாகப் போய்விடும்.

அன்றைக்குத் தணிக்கைக்கு வந்த அம்மாள் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்று பார்த்திருக்கிறார். "பணியாளர் முகத்தைத் தொட்ட கையுறையுடன் பொருளைக் கையாண்டார்" என்று எழுதிவிட்டார். நான் தொட்டது முகத்தை இல்லை, பாதுகாப்புக் கண்ணாடியைத்தான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"கண்ணாடி எங்கே இருந்தது?" என்று கேட்டார்.

முகத்தில்தான் இருந்தது. என் பக்கத்தில் நியாயம் அவ்வளவோடு தீர்ந்துபோனது.

என் மேற்பார்வையாளர் பெர்ன்ட், மீசை வைத்த பெரிய மனிதர். எதற்கும் சட்டென்று கோபப்படமாட்டார். அவருக்குப் பல வருடமாகவே இது தெரியுமாம். கண் அரிக்கிறது என்று நினைத்திருந்தாராம். விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, "இனிமேல் செய்யாதீர்கள்" என்றார். நிறுத்தினேன். மறுநாள் காலை தண்டை மாட்டும்போது, வீட்டைப் பூட்டாமல் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

2

பீங்கான் என்றதும் டீக்கோப்பையை நினைக்க வேண்டாம். எலும்பைக் கெட்டியாக வைத்திருப்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு உப்பு. அதே உப்பைத் தொழிற்சாலையில் வெள்ளைப் பொடியாகச் செய்து, சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான ஒரு சுடருக்குள் ஊதுவோம். பொடி உருகிப் பறந்து, சுழலும் தண்டின் மேல் போய் அப்பிக்கொள்ளும். வெறும் டைட்டானியத்தோடும் எலும்பு சேரும். இந்தப் பூச்சு இருந்தால் சீக்கிரம் சேரும், இடைவெளி இல்லாமல் சேரும்.

எல்லாச் சாமர்த்தியமும் கனத்தில் இருக்கிறது. தலைமுடி கனம், கொஞ்சம் கூடலாம். அவ்வளவுதான். பொங்கலுக்குச் சுண்ணாம்பை அப்பி அப்பி அடித்தால் மாசி மாதமே பொரிந்து விழுகிறதில்லையா, அதே கதை. கனம் கூடினால் விரிசல் விடும், குறைந்தால் எலும்பு வந்து சேர்வதற்குள் கரைந்துபோகும். பூசுவதற்கு முன் தண்டின் மேல் ஒரு விரல் ரேகை பட்டாலும் அந்த இடத்தில் பூச்சு சரியாக ஒட்டாது. தணிக்கை அம்மாள் எழுதியது சரிதான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் வலித்தது.

இந்த வேலையைப் பற்றி எனக்கு இருக்கிற பெருமையை மறைத்துப் பேச எனக்கு வராது. ஊரில் சிலர் நான் ஜெர்மனியில் "பெயின்ட் கம்பெனியில்" இருப்பதாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லட்டும். நான் பூசியது எத்தனையோ பேருடைய தொடைக்குள் இருக்கிறது. அவர்கள் அதை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார்கள், பேரப்பிள்ளை பின்னால் ஓடுகிறார்கள். கடைத்தெருவில் யாராவது வயதானவர் கம்பில்லாமல் நடந்தால் நம்முடையதாக இருக்குமோ என்று பார்ப்பேன். என் கணவருக்கு இதில் கூச்சம். "ரோட்டுல போறவுக இடுப்பையே பாக்காத" என்பார்.

3

என் அக்கா பாக்கியம் அல்லிநகரத்தில் வாக்கப்பட்டவள். கேரளா பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. தேனியிலிருந்து விடியக் கிளம்பி, கம்பத்தில் ஆள் சேர்த்துக்கொண்டு, மலை ஏறுவார்கள். யாரை எந்தச் சரிவில் நிறுத்துவது, யாருக்கு இன்றைக்கு உடம்பு முடியவில்லை, எல்லாம் அவள் கையில். மலையாளத்தில் சண்டை போடுவாள், தமிழில் சமாதானம் பேசுவாள். எதற்கெடுத்தாலும் "சாரமில்லடி" என்பாள், பரவாயில்லை என்று அர்த்தம். அந்தச் சொல் மலையிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

அவளுக்கு வலது இடுப்பில் வலி வந்து, காலைச் சாய்த்து நடந்து, கடைசியில் ஜீப்பில் ஏற முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ரத்த ஓட்டம் இல்லாமல் மூட்டு எலும்பு நலிந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று மதுரையில் டாக்டர் சொன்னார். வயதும் எலும்பும் தோதாக இருப்பதால், பூச்சுப் போட்ட தண்டு வைக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"டாக்டரு சொன்னாக, ரெண்டு மூணு கம்பெனி இருக்காம்" என்றாள். "நான் சொல்லிட்டேன். எந் தங்கச்சி செஞ்சது இருந்தா வைங்க. இல்லாட்டி நான் கம்ப ஊண்டிக்கிட்டே நடந்துக்கிறேன்னு."

"அக்கா, இங்கன நான் செய்றது அங்கன வராதுக்கா."

"ஏன் வராது? சாக்லேட்டு அனுப்புற, சென்ட்டு அனுப்புற. ஒரு தண்ட அனுப்ப முடியாதாக்கும்?"

"அது சாக்லேட்டாக்கா, பெட்டியில போட்டு அனுப்ப?"

"அப்ப வேணாம். ஒன்னையத் தெரியும், நீ செஞ்சா சுத்தமாச் செய்வ. முகந்தெரியாத ஆளு செஞ்ச இரும்புக்கு எலும்பு வேசம் போட்டு, எந் தொடைக்குள்ள எறக்குவாகளாம். நாளைக்கு வேசம் கலஞ்சா நான் எங்க போய் நிக்க?"

வைத்துவிட்டாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். தோட்ட முதலாளியே அவளிடம் இரண்டாவது தடவை பேசமாட்டார். ஆனால் தள்ளிப்போடப் போட அந்த எலும்பு நொறுங்கிக்கொண்டே போகும். அப்புறம் மலையும் இல்லை, ஜீப்பும் இல்லை. கட்டிலும் கக்கூஸும்தான் அவள் உலகம். அவளை அப்படி நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

4

வெட்கத்தை விட்டு பெர்ன்டிடம் கேட்டேன். ஒரே ஒரு தண்டு, முறைப்படி விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னை அலுவலகத்தில் ஒரு இளைஞரிடம் அனுப்பினார். அந்தப் பிள்ளை பொறுமையாக விளக்கினான். எங்கள் தண்டுக்கு இந்தியாவில் பதிவு இல்லை. பதிவில்லாத பொருளை அங்கே எந்த டாக்டரும் உடம்புக்குள் வைக்க முடியாது. தனி ஆளுக்கு விற்கவும் வழியில்லை. அளவு எது என்பதே அறுவை நடக்கும்போதுதான் உறுதியாகும், அதனால் ஒரு தண்டு அனுப்பிப் பயனும் இல்லை. எல்லாம் சொல்லிவிட்டு, "உங்கள் அக்கா சீக்கிரம் குணமாகட்டும்" என்றான். இந்த ஊரில் முடியாது என்பதைக்கூட மரியாதையாகச் சொல்வார்கள். கோபப்படவும் இடம் கொடுக்கமாட்டார்கள்.

வீட்டில் கணவர் வேறு யோசனை சொன்னார். அவருக்கு ஆண்டிபட்டி. எதையும் சுருக்கமாக முடிக்கிற ஆள். "ஆமாக்கா, எங்க கம்பெனிதான்னு ஒரு வார்த்த சொல்லிரு. ஆபரேசன் முடிஞ்ச பெறகு அக்கா பெட்டியத் தேடிப் பாக்கப்போகுதாக்கும்?"

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அதுதான் சரி என்று பட்டது.

5

எங்கள் மகள் யாழினி இங்கேயே பிறந்தவள். தமிழ் கேட்டால் புரியும், பதில் ஜெர்மனில் வரும். தமிழில் பேச ஆரம்பித்தால் "பெரியம்மா வர்றான்" என்பாள். திருத்தினால் வாயை மூடிக்கொள்வாள், அதனால் திருத்துவதை விட்டுவிட்டேன். தேனிக்குப் போனால் இரண்டு நாள் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பாள், மூன்றாம் நாள் போனுக்குள் போய்விடுவாள். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகிறாள் என்று எனக்குள் ஒரு பயம் உண்டு. வெளியே சொல்வதில்லை.

இங்கே பள்ளிப் பிள்ளைகள் ஏதாவது ஒரு இடத்தில் சில நாள் வேலை பழக வேண்டும். யாழினிக்கு மிருக மருத்துவமனை வேண்டும், இடம் கிடைக்கவில்லை. வேறு வழியின்றி எங்கள் தொழிற்சாலை ஆய்வகத்துக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எனக்கு முன்னால் வேகமாக நடந்து போய்விடுவாள், அம்மாவோடு வந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாதாம். மதியச் சாப்பாட்டுக்கும் வேறு மேசை. இந்தக் கூத்தெல்லாம் அக்காவின் இடுப்புக் கவலைக்கு நடுவில்தான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவுக்கு வீடியோவில் பேசினேன். யாழினி பக்கத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அக்கா, விசாரிச்சேன். டாக்டரு வைக்கப் போறது எங்க கம்பெனி தண்டுதானாம்."

அக்கா முகம் மலர்ந்தது. அடுத்த வார்த்தைக்குள் யாழினி கரண்டியை வைத்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள்.

"பெரியம்மா, அது உண்மை இல்ல. அது அம்மா செஞ்சது இல்ல."

"யாழி!" என்றேன். அவள் திரும்பவே இல்லை.

"அம்மா செஞ்சது இந்தியாவுக்கு வராது. ஆனா பெரியம்மா, எலும்புக்கு யார் செஞ்சாங்கன்னு தெரியாது. நல்லா செஞ்சதா, இல்லயா, அது மட்டும்தான் தெரியும்." வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி எடுத்தாள். அவ்வளவு நீளமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. "இருங்க, ஒரு படம் காட்றேன்."

சோதனைக்காக எலும்புக்குள் வைத்துப் பார்த்த தண்டை வெட்டி, ஆய்வகத்தில் உருப்பெருக்கி வழியாக எடுத்த படம். அதைத் தன் போனில் வாங்கி வைத்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"இது எலும்பு. இது பூச்சு. ரெண்டுக்கும் நடுவுல கேப் எங்க இருக்கு? காட்டுங்க."

அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டினாள். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். எங்களுக்கு அவள் மூக்கு மட்டும் தெரிந்தது.

"காணமே."

"ஆமா. இல்ல. எலும்பு வந்து ஒட்டிக்கிச்சு."

"அப்ப வேசம் இல்லையாக்கும்?"

யாழினி என்னைப் பார்த்தாள். வேஷம் என்றால் என்ன என்று சொன்னேன். தலையை வேகமாக ஆட்டினாள். "வேசம் இல்ல பெரியம்மா. எலும்புல இருக்கிறதும் இதுல இருக்கிறதும் ஒண்ணுதான். அங்கயும் யாராவது ஒரு அம்மா இருப்பாங்க. அவங்களும் க்ளவுஸ் போட்டுத்தான் செய்வாங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, பொய்யா சொன்ன?"

"ஆமாக்கா."

"ஒனக்குப் பொய் சொல்ல வராதுடி, மொகமே காட்டிக்குடுத்திரும். ஒம்மக உள்ளத உள்ளபடி சொல்றா. அவ சொல்லிட்டா. சரி, போட்டுக்கிறேன். டாக்டர்ட்ட தேதி கேக்கச் சொல்றேன்."

போன் அணைந்தது. நூடுல்ஸ் ஆறிவிட்டது என்று யாழினி ஜெர்மனில் குறைப்பட்டுக்கொண்டாள். நான் எழுந்து போய்ச் சூடு பண்ணிக் கொடுத்தேன்.

6

அறுவை வைகாசியில் மதுரையில் நடந்தது. அக்கா அதைச் சொன்ன விதத்திலேயே எழுதுகிறேன்.

"உள்ள கொண்டுபோறதுக்கு மொத நாளு டாக்டரு பாக்க வந்தாக. அந்தப் பெட்டியக் கண்ணுல காட்டுங்கன்னேன். எதுக்குன்னாக. சும்மா காட்டுங்கன்னேன். நல்ல மனுசன், எடுத்தாரச் சொன்னாக. ரெண்டு மூணு அளவுல பெட்டி வந்துச்சு. பூராத்தையும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். 'அம்மா, உள்ள இருக்கிறத நானே வெறுங்கையால தொடமாட்டேன்'னு சிரிச்சாக. 'எனக்குத் தெரியும் டாக்டரு, இதுக்குத்தான் எந் தங்கச்சி மேல குத்தம் எழுதுனாக, அதான் பெட்டியோட நிறுத்திக்கிட்டேன்'னேன்."

"ஏங்க்கா எல்லாப் பெட்டியையும் தொட்ட?"

"எது எனக்குன்னு அப்பத் தெரியாதுல்ல? அதுவுஞ்சரி, செஞ்சவளுக்கு நான் யாருன்னு தெரியாது. எனக்கும் அவ யாருன்னு தெரியாது. ஒரு கும்புடு போட்டு வச்சா என்ன கொறஞ்சு போகும்?" அப்புறம் குரலை உயர்த்தினாள். "இன்னொன்னு கேட்டுக்க. பெட்டியில என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? நம்ம நாட்டுலயே செஞ்சதுடி! ஒஞ் ஜெர்மனியெல்லாம் ஒண்ணும் வேணாம்."

எனக்கு ஒரு நொடி பொறாமை வந்தது. மறைப்பானேன். அடுத்த நொடி பெருமை பொங்கிவிட்டது. இந்தச் சுடரையும் இந்த வெள்ளைப் பொடியையும் நம் ஊர்ப் பிள்ளைகள் யாரோ அங்கேயே கட்டி ஆள்கிறார்கள். தலைமுடி கனம் அவர்களுக்கும் பிடிபட்டிருக்கிறது. நான் கடல் தாண்டி வந்து கற்றதை அவர்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ச் செய்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிறார்கள்.

மார்கழியில் நாங்கள் தேனிக்குப் போனபோது அக்கா வாசலுக்கு நடந்து வந்தாள். கம்பு இல்லை, சாய்வு இல்லை. தோட்டத்தில் இனி சரிவில் இறங்கக் கூடாது, மேலிருந்து ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். மறுநாள் விடிகாலை நானும் யாழினியும் அவளை வழியனுப்பப் போனோம். ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் கையை நீட்டினார்கள். அக்கா யார் கையையும் பிடிக்கவில்லை. படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். "நல்ல காலு மொத, புதுக்காலு பெறகு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஜீப்பே கைதட்டியது.

பைக்குள்ளிருந்து எக்ஸ்ரேயை எடுத்து அவள் பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்டினதையும் பார்த்தேன். "இந்தா, இந்த வெள்ளைத் தண்டு. இதுமேல ஒரு பூச்சு இருக்கு, படத்துல தெரியாது. அதான் எலும்பப் புடிச்சு வச்சிருக்கு. எந் தங்கச்சி பாக்குறது அந்த வேலதான்." ஜீப் கிளம்பிய பிறகும் என் காதில் அதுவே கேட்டுக்கொண்டிருந்தது. பெயின்ட் கம்பெனி என்று சொல்ல அந்த ஜீப்பில் இனி ஒருத்தியும் இல்லை.

7

பெர்ன்ட் செய்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தணிக்கைக் குற்றத்துக்குப் பதில் எழுத வேண்டுமே, என்ன திருத்தம் செய்தீர்கள் என்று. "பணியாளர் எச்சரிக்கப்பட்டார்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அவர் வேறு ஒன்று எழுதினார். எங்கள் பிரிவின் செயல்முறையில் ஒரு வரி சேர்த்தார்: "ஒவ்வொரு வேலைநாளும் முதல் பொருளைத் தொடும் முன் கையுறைகளை மாற்ற வேண்டும்."

தாளை என்னிடம் நீட்டி, "மாற்றுவதற்கு முன்னால் அந்தப் பழைய கையுறையோடு நீங்கள் என்ன செய்தாலும் அது தணிக்கைக்குள் வராது" என்றார். மீசைக்குள் சிரிப்பு இருந்தது. அடுத்த தணிக்கையில் அதே அம்மாள் அந்த வரியைப் படித்து, நல்ல நடைமுறை என்று பாராட்டிவிட்டுப் போனார். இப்போது மூன்று ஷிப்டிலும் எல்லோரும் முதல் வேலையாகக் கையுறை மாற்றுகிறார்கள். ஏன் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்தக் கோடை விடுமுறைக்கு யாழினி தானாகவே விண்ணப்பித்து எங்கள் தொழிற்சாலைக்கு வந்தாள். சுடர் இருக்கும் அறைக்குள் விடமாட்டார்கள், சுத்தம் செய்த தண்டுகளைத் தட்டில் அடுக்குகிற வேலை மட்டும். முதல் நாள் பெர்ன்ட் அவளை நிறுத்தி ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். நான் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். கதவு திறந்திருந்தது.

அந்த வரிக்கு வந்ததும் யாழினி கேட்டாள், "புதிதாகப் போட்ட கையுறையை ஏன் மாற்ற வேண்டும்?"

பெர்ன்ட் விளக்கவில்லை. தட்டை இரண்டு விரலால் தொட்டார். சிப்பாய் சல்யூட் அடிப்பது போல நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"நெற்றியில் இல்லை" என்றாள் யாழினி. "கண்ணில்."

தட்டைத் தொட்டாள். அப்படியே ஜீப் படியில் அக்கா செய்த மாதிரி, வலது கண், இடது கண். பாதுகாப்புக் கண்ணாடி மேலேதான். பெர்ன்ட் அதைப் பார்த்துத் திரும்பச் செய்தார், இந்தத் தடவை சரியாக.

எனக்குக் கண்ணீர் மறைத்தது. நான் தள்ளிப் போகிறாள் என்று பயந்துகொண்டிருந்த பிள்ளை, அவள் போக்கில் வந்து சேர்ந்துவிட்டாள். பெருமையாக இருந்தது. இதைவிடப் பெரிதாக எனக்கு எந்தப் பெருமையும் வேண்டாம் என்று தோன்றியது.

இடைவேளையில் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் மலையில் இருந்தாள், பின்னால் பெண்கள் பேச்சும் மழையும் கேட்டது. நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அதெல்லாஞ் சரி" என்றாள் அக்கா. "பெறகு க்ளவுஸ மாத்துனாளா?"

"மாத்துனாக்கா. ரெண்டு கையிலயும்."

"ம். எவ இடுப்புக்குப் போகுதோ."